ஊமைப் பருவம்

ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் எருமைப்பத்து என்றொரு பத்து உண்டு. ஓரம்போகியார் பாடியது. எங்கள் வீட்டில் கல்லூரி ஆசிரியராக இருப்பவர் அதனைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக முதுகலை மாணவர்க்குக் கற்பித்து வருகிறார். கருப்பொருள், உள்ளுறை, தலைவியின் குறிப்பு என வழக்கமான தலைப்புகளில் வகுப்பு நகரும். ஒருமுறை, பால்மாடு வளர்க்கும் குடும்பத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் எழுந்து, "எருமை பருவத்துக்கு வந்திருப்பது எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, அதனால் கேட்கிறேன்" என்றார். வகுப்பு சிரித்தது. ஆசிரியரிடம் விடை இல்லை. எருமை உழக்கும் பொய்கையைப் பற்றி அரைமணி நேரம் பேச முடிந்தவருக்கு, வீட்டுக் கட்டுத்தரையில் நிற்கும் எருமையைப் பற்றி ஒரு வரி சொல்ல முடியவில்லை.

அன்று மாலை ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து அம்மாவிடம் கேட்டோம். அம்மா சொன்னது இவ்வளவுதான்: "தானாத் தெரியாது கண்ணு. பாக்கோணும்."

இக்கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது. எழுதுவது ஒரு கை. ஆனால் இதிலுள்ளவை ஆசிரியரும், ஊரில் மாடு வளர்க்கும் தம்பியும், தம்பியின் மனைவியும் சேர்ந்து கண்டவை, பட்டவை. ஒருவர் அனுபவமாக இதனை எழுதுவது பொய்யாகிவிடும். ஆகவே 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். கவிதையும் நாவலும் பேசப்படும் இவ்விடத்தில் எருமைக்குச் சினை ஊசி போடுவதைப் பற்றி எழுதுவதற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

*

எங்கள் ஊர் நாமக்கல் மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூர். மேட்டுநிலம், ஒரு கிணறு, சோளத்தட்டு, கொஞ்சம் தீவனப்புல். அப்பா காலத்தில் எருமைகள் பன்னிரண்டு வரை இருந்தன. பின்னர் ஐந்தாயின. நாட்டு எருமையில் முர்ரா கலந்தவை. ஹரியானாவின் ரோத்தக், ஹிசார் பக்கத்திலிருந்து நாடெங்கும் பரவிய, சுருண்ட கொம்புடைய இனம் முர்ரா.

ஊரில் பொலிக்கடா ஒன்று இருந்தவரை அந்த மாணவியின் கேள்வி எழவே இல்லை. மனிதர்க்குத் தெரியாதது கடாவுக்குத் தெரிந்தது. தொல்காப்பிய மரபியல் எருமையின் ஆணுக்குக் 'கண்டி' என்றும் பெண்ணுக்கு 'நாகு' என்றும் பெயர் வகுத்துத் தந்திருக்கிறது. எங்கள் ஊரில் நாகு மிஞ்சியது, கண்டி போய்விட்டது. உழவு டிராக்டருக்கு மாறியபின் கடாவுக்கு வேலை இல்லை. கடாக்கன்று பிறந்தால் அதற்கு வயிறாரப் பால் விடுவாரும் இல்லை. சில மாதங்களில் செத்துப்போகும், அல்லது விலைபோகும். ஊரின் கடைசிப் பொலிக்கடா விற்கப்பட்ட பிறகு, கடாவின் மூக்கு செய்த வேலையை மனிதக் கண் செய்ய வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டில் அந்தக் கண் அம்மாவுடையது.

பசு பருவத்துக்கு வந்தால் தெருவுக்கே தெரியும். கத்தும், கயிற்றை இழுக்கும், பக்கத்து மாட்டின்மேல் ஏறும், கண்ணாடி போன்ற வழும்பு நீளமாகத் தொங்கும். எருமை அப்படியன்று. ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது அரிது. வழும்பு குறைவு. அதுவும் நிற்கும்போது வெளிப்படாமல், படுக்கும்போது கசிந்து சாணத்தோடு கலந்துவிடும். பருவம் 12 மணி முதல் ஒரு நாள் வரைதான் நீடிக்கும். அதன் குறிகள் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் தோன்றும். கறுத்த தோலும் குறைந்த வியர்வைச் சுரப்பிகளும் கொண்ட விலங்கு ஆதலால், கோடை வெப்பத்தில் இருக்கிற குறிகளும் மங்கிவிடும். கால்நடை மருத்துவர்கள் இதற்கு ஊமைப் பருவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சூலகம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. சொல்வதற்குத்தான் வாயில்லை.

அந்தச் சில மணி நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த சுற்றுக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். எருமையின் சினைக்காலம் ஏறத்தாழ 310 நாள். பசுவைவிட ஒரு மாதம் கூடுதல். ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடைவெளி 13, 14 மாதத்துக்குள் இருந்தால்தான் தீனிச் செலவுக்குக் கட்டும். இரண்டு சுற்று தவறினால் இலாபம் போகும். நான்கு சுற்று தவறினால் மாட்டு வியாபாரி வாசலுக்கு வருவார்.

அம்மா இரவு பதினொரு மணிக்கு ஒருமுறையும் மூன்று மணிக்கு ஒருமுறையும் எழுந்து கட்டுத்தரைக்குப் போவார். முதலில் அரிக்கேன் விளக்கு, பின்னாளில் டார்ச். எந்த எருமை படுக்காமல் நிற்கிறது, எது தட்டைத் தின்னாமல் தலையைத் தூக்கியிருக்கிறது, எது சொட்டுச் சொட்டாக அடிக்கடி மூத்திரம் விடுகிறது, எது வாலை ஒருபுறமாக ஒதுக்குகிறது என்று பார்ப்பார். கறவையில் இருக்கும் எருமை காலையில் சுரப்புவிடத் தயங்கினால், அதன் படுக்கையிடத்தில் குனிந்து வழும்பு தேடுவார். கண்டுவிட்டால் சுவரில் கரியால் ஒரு கோடு. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் எந்தக் கோடு எந்த எருமைக்குரியது, அது எத்தனையாவது நாள் என்பது தெரியும். காலையில் கோடு விழுந்தால் மாலையில் சினை ஊசி, மாலையில் விழுந்தால் மறுநாள் காலையில். மருத்துவக் கல்லூரிகள் கற்பிக்கும் விதியும் அதுவே என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

*

2018 மாசியில் அம்மா இறந்தார். அடுத்த பொங்கலுக்கு நாங்கள் கட்டுத்தரைச் சுவருக்கு வெள்ளை அடித்தோம். துக்கம் கழிந்து வரும் முதல் பொங்கல், சுவர் தூய்மையாக இருக்கட்டும் என்று நினைத்தோம். கரிக்கோடுகள் மீது சுண்ணாம்பு ஏறியது. அதை அடித்தவர்களில் கல்லூரி ஆசிரியரும் ஒருவர். ஓலைச்சுவடி கரையானுக்கு இரையானதைப் பற்றி மாணவர்க்கு மனமுருகப் பேசும் அவருக்கு, தன் கையிலிருக்கும் மட்டை எதை அழிக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

2019 ஐப்பசி வந்தபோது ஐந்து எருமையில் ஒன்றும் சினையாக இல்லை என்று எண்ணியிருந்தோம். சுட்டி, ஈன்று ஓராண்டு கடந்தும் சினைபிடிக்காமல் கறவை வற்றிக்கொண்டிருந்தது. முறுக்கியும் அவ்வாறே. பெரியவள் ஆறு ஈற்று கண்டது, வெறுமனே நின்றது. கிடாரி ஒன்று, வயதாகியும் பருவத்துக்கே வரவில்லை. கூழைவாலிக்கு ஆடியில் ஒரு ஊசி போட்டோம். அது நிற்கவில்லை என்று முடிவு செய்துவிட்டோம். தம்பியும் அவர் மனைவியும் பார்க்காமல் இல்லை. ஆனால் பகலில் பார்த்தார்கள். இரண்டு மூன்று முறை சந்தேகத்தின் பேரில் ஊசி போட ஆள் அழைத்து, அவர் மறுநாள் மதியம் வந்து, வீணானதும் உண்டு. வியாபாரி வந்து கூழைவாலியையும் பெரியவளையும் சேர்த்து ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். சினைபிடிக்காத எருமையை வாங்குபவர் அதைக் கறப்பதற்கு வாங்குவதில்லை. இது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரு தரப்பும் அதைச் சொல்வதில்லை.

அந்நிலையில்தான், அண்மையில் வட்டாரத்துக்கு வந்திருந்த பெண் மருத்துவர் ஒருவரைத் தம்பி அழைத்து வந்தார். பருவத்தைக் கண்டுபிடிக்கவே தேவையின்றி, நாளும் மணியும் குறித்துச் சினை ஊசி போடும் முறை ஒன்று உண்டு என்று அவர் சொன்னதாகத் தம்பி கூறியபோது, எங்களுள் ஆசிரியருக்கு ஒருவகை வெறுப்பே தோன்றியது. பூவை மலர்த்த விரலால் பிரிப்பது போன்ற செயலாக அது பட்டது.

மருத்துவர் வந்ததும் ஊசி எதையும் எடுக்கவில்லை. தோள்வரை உறை மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எருமையையும் ஆசனவாய் வழியே கைவிட்டுப் பார்த்தார். கருப்பையும் சூலகமும் அந்தக் குடற்சுவருக்குக் கீழேதான் இருக்கின்றன. விரல் நுனிதான் அங்கே கண். கூழைவாலியிடம் வந்தவர் நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

"இது சினைங்கண்ணா. நாலாவது மாசம் நடக்குது."

"ஆடியில போட்ட ஊசிங்களா? அது நிக்கலீன்னு நெனச்சமுங்க."

"திரும்பப் பருவத்துக்கு வந்துதுங்களா?"

"தெரியலீங்க."

"வரலீங்கறது வேற, தெரியலீங்கறது வேறங்கண்ணா."

தம்பி ஒன்றும் பேசவில்லை. வியாபாரியிடம் அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தார். வயிற்றில் நான்கு மாதக் கன்றுடன் கூழைவாலி லாரி ஏறியிருக்கும். அதனினும் அச்சந்தரும் ஒன்றை மருத்துவர் பின்னர் சொன்னார். அவர் போடவிருந்த மருந்துகளுள் ஒன்று சினையெருமைக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். கைவிட்டுப் பார்க்காமல் ஐந்துக்கும் போட்டிருந்தால், உதவ வந்த மருந்தே அந்தக் கன்றைக் கொன்றிருக்கும்.

கிடாரியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஊசி வேண்டாங்க, தீனி வேணும்" என்றார். சூலகம் வழவழப்பாகச் சிறுத்துக் கிடக்கிறது, அங்கே ஒழுங்குபடுத்த எதுவும் இன்னும் தொடங்கவில்லை என்பது அவர் விளக்கம். குடற்புழு நீக்க மருந்தும் தாது உப்புக் கலவையும் எழுதிக் கொடுத்தார். எஞ்சிய மூன்றும் ஊசிக்கு ஏற்றவை என்றார்.

*

முறை எளியது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு முதல் ஊசி. அடுத்த திங்கள் மாலை ஐந்துக்கு இரண்டாவது. புதன் மாலை ஐந்துக்கு மூன்றாவது. வியாழன் காலை ஒன்பது மணிக்குச் சினை ஊசி. 2019 நவம்பர் 4-இல் தொடங்கி 14-இல் முடிந்தது.

இதன் உட்பொருளை மருத்துவர் கட்டுத்தரைத் திண்ணையில் அமர்ந்து விளக்கினார். மூன்று எருமையும் சுற்றின் வெவ்வேறு நாளில் இருக்கின்றன. சூலகத்தில் முட்டை தாங்கிய கொப்புளங்கள் அலையலையாக வளர்ந்து, ஒன்று முந்த, ஏனையவை மங்கும். முதல் ஊசி, அவ்வாறு முந்தி நிற்கும் கொப்புளத்தை வெடிக்கச் செய்து, எல்லாவற்றிலும் ஒரு புதிய அலையைத் தொடக்கி வைக்கிறது. கொப்புளம் வெடித்த இடத்தில் மஞ்சள் திரள் ஒன்று உருவாகிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். அது இருக்கும்வரை அடுத்த முட்டை வெளிவராது. ஏழாம் நாள் போடும் புரோஸ்டாகிளாண்டின் அந்தத் திரளைக் கரைத்துத் தடையை நீக்குகிறது. சினையைக் காப்பதும் அதே திரள்தான் என்பதால்தான் கூழைவாலிக்கு அந்த அபாயம். தடை நீங்கிய 48 மணி நேரத்தில் புதிய கொப்புளம் முதிர்கிறது. அப்போது முதல் மருந்தையே மீண்டும் போட்டால், மூன்று எருமையிலும் முட்டை ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளிப்படும். அந்த நேரத்துக்கு உயிரணு அங்கே காத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் பதினாறு மணி நேரம் கழித்துச் சினை ஊசி.

ஆக, பருவத்தைக் காண வேண்டியதில்லை. எருமை ஊமையாகவே இருக்கலாம். கேள்வியையும் விடையையும் கடிகாரமே பார்த்துக்கொள்ளும்.

இம்முறையை 1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பர்ஸ்லி, வில்ட்பேங்க் முதலியோர் வெளியிட்டனர். மிகுதியாகக் கறக்கும் அங்குள்ள பசுக்களிலும் பருவத்தைக் கண்டறிவது பெரும் சிக்கலாக இருந்தது. அவர்கள் இட்ட பெயர் ஓவ்சிங்க். பின்னர் அது எருமைக்கும் வந்தது. நம் நாட்டில் செயற்கைக் கருவூட்டலின் கதை அதனினும் பழையது. 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமரன் தொடங்கி வைத்தார். அம்முறையில் முதல் எருமைக்கன்று 1943-இல் அலகாபாத் வேளாண் கல்லூரியில் பிறந்தது.

எல்லா நாட்டிலும் இது ஒரே காரணத்துக்காகச் செய்யப்படுவதில்லை. இத்தாலியின் கம்பானியா பகுதியில் எருமைப் பாலிலிருந்து மொசரெல்லா பாலாடைக்கட்டி செய்கிறார்கள். அதற்கான வேட்கை கோடையில் மிகுதி. எருமையோ பகல் குறுகும் பருவத்தில் சினைகொள்ளும் விலங்கு. இயல்பாக விட்டால் கன்றும் பாலும் இலையுதிர்காலத்தில் வரும். எனவே அங்கே கடாவை மாதக்கணக்கில் பிரித்து வைத்தும் ஊசியால் பருவத்தை ஒழுங்குபடுத்தியும் ஈற்றையே வேறு பருவத்துக்கு நகர்த்துகிறார்கள். அவர்களுக்கு இது சந்தையின் நாள்காட்டி. எங்களுக்கு இது அம்மா இல்லாத வீட்டின் நாள்காட்டி.

முதல் ஊசியின் வரலாறும் மனத்தைவிட்டு அகல மறுக்கிறது. மூளையின் அடிப்பகுதியிலிருந்து புறப்பட்டு இனப்பெருக்கச் சுற்று முழுதையும் தூண்டும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று ஐயுற்று, ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளிலிருந்தும் ரோஜர் கில்லெமின் ஆட்டு மூளைகளிலிருந்தும் அதனைத் தனித்தனியே தேடினர். இறைச்சிக்கூடங்களிலிருந்து இலட்சக்கணக்கில் வந்த மூளைத் துண்டுகளில் கிடைத்தது மிகமிகச் சிறிதளவு. 1971-இல் அதன் அமைப்பு தெரிந்தது: பத்தே அமினோ அமிலங்கள். 1977-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். எங்கள் சுட்டிக்குப் போட்டது அதனை ஒத்துச் செயற்கையாகச் செய்த மருந்து, மைக்ரோகிராம் கணக்கில். கொலைக்களத்துக்குப் போன விலங்குகளின் மூளையில் கண்டெடுத்த சேதி, அங்கே போகவிருந்த எருமையைத் திருப்பிக் கொண்டுவருகிறது. இதை நல்லது என்பதா, வேறென்ன என்பதா, எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் ஊசியன்று ஒன்று நடந்தது. எருமையைப் பிடித்துக்கொள்ளத் தம்பி முன்வந்தபோது, "உங்களுக்கு இளைப்பு உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். உண்டு. "அப்போ தள்ளியே நில்லுங்கண்ணா" என்றார். அம்மருந்து தோல்வழியே உள்ளே போகக் கூடியது; மூச்சுக்குழலை இறுக்கும்; ஆஸ்துமா உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் அதைத் தொடக் கூடாது. எனவே தம்பி வெளியே நிற்க, அவர் மனைவி எருமையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்தான் பிடித்தார். மருத்துவர் செய்வதையும் சொல்வதையும் அவர்தான் கிட்ட நின்று கேட்டார். பின்னால் நடந்தவற்றுக்கு இந்தச் சிறு மாற்றமே காரணம்.

வியாழன் காலை மருத்துவர் திரவ நைட்ரஜன் குடுவையுடன் வந்தார். பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையில் உறைந்திருந்த விந்துக் குச்சியை இடுக்கியால் எடுத்து, 37 பாகை வெந்நீரில் அரைநிமிடம் வைத்து, துடைத்து, நுனியை வெட்டிக் குழலில் பொருத்தினார். ஓர் எருமைக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை. மூன்றும் தட்டைத் தின்றபடியே நின்றன. பருவம் வந்ததாக எதுவும் காட்டவில்லை.

"எத்தனை நிக்குமுங்க?" என்று தம்பி கேட்டார்.

"நல்லா இருந்தா மூணுல ஒண்ணுலேர்ந்து பாதி வரைக்கும். கோடையில இன்னும் குறையும். நிச்சயம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க" என்றார். புறப்படும்போது தம்பியின் மனைவியிடம், "அக்கா, நிக்காதது மறுபடி பருவத்துக்கு வரும். மூணும் ஒரே நாள்ல ஊசி வாங்குனதால வர்ற நாளும் கிட்டக்கிட்ட இருக்கும். பத்தொம்பதாம் நாள்லேர்ந்து இருபத்திமூணு வரைக்கும் ராத்திரியில பாருங்க. மத்த நாள்ல பார்த்து ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றார்.

*

டிசம்பர் 3-இலிருந்து தம்பியின் மனைவி கைபேசியில் இரவு பதினொன்றுக்கும் மூன்றுக்கும் மணி வைத்தார். அம்மா எழுந்த அதே நேரங்கள். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவர் அவர். முதல் இரண்டு இரவு ஒன்றும் இல்லை. 5-ஆம் தேதி இரவு, விடிந்தால் வெள்ளி, மூன்று மணிக்கு முறுக்கி மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தது. அது படுத்திருந்த இடத்தில் கைபேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தபோது, சாணத்தின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு வழும்பு. அவர் தம்பியை எழுப்பவில்லை. நின்று பார்த்தார். முறுக்கி வாலை ஒருபுறம் ஒதுக்கியது. விடிந்ததும் மருத்துவருக்குத் தொலைபேசி செய்தார்; மாலையில் ஊசி.

பொங்கல் கழிந்து மருத்துவர் கைவிட்டுப் பார்த்தார். சுட்டி, கடிகார ஊசியில் சினை. முறுக்கி, விடிகாலைப் பார்வையில் சினையாகியிருக்கக் கூடும், ஒரு மாதம் பொறுத்து உறுதி சொல்கிறேன் என்றார், அதுவும் நின்றது. பெரியவள் சினையாகவில்லை. அது பருவத்துக்குத் திரும்பியதையும் எங்களால் காண முடியவில்லை. மாசியில் பெரியவளை விற்றோம். அம்மா பெயரிட்ட முதல் எருமை அது. யாருக்கு விற்றோம் என்பதை மேலே எழுதியிருக்கிறோம்; மீண்டும் எழுத மனமில்லை.

2020 வைகாசியில், ஊரடங்குக் காலத்தில், கூழைவாலி ஈன்றது. கடாக்கன்று. அதற்கு வயிறாரப் பால் விட வேண்டும் என்பதில் எங்களுக்குள் வாதமே எழவில்லை. செப்டம்பரில் சுட்டி கிடாரிக்கன்று ஈன்றது. ஐப்பசி பிறக்கும் முன்பே முறுக்கியும் ஈன்றது. தீனியும் உப்பும் தின்ற பழைய கிடாரி, அதற்கடுத்த ஆண்டில் தானாகவே பருவத்துக்கு வந்தது. ஓர் ஊசியும் இன்றி.

*

இந்நிகழ்ச்சிகளுக்குப் பிறகு எங்களுள் ஆசிரியர் ஒரு கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதத் தொடங்கினார். தலைப்பு, மரபறிவின் மறைவு. பெண்களின் நினைவில் வாழ்ந்த அறிவு எவ்வாறு மருந்துப் புட்டியிடம் தோற்றது என்பது அதன் போக்கு. அம்மாவின் கரிக்கோடுகள் அதில் அழகாக வந்திருந்தன. தமிழ்நாட்டில் 2012 கணக்கெடுப்பில் ஏழே முக்கால் லட்சத்துக்கு மேல் இருந்த எருமைகள் 2019 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்துச் சொச்சமாகக் குறைந்ததும் அதற்கு வலுச்சேர்த்தது. ஊருக்கு வந்தபோது அதை உரக்கப் படித்துக் காட்டினார்.

தம்பியின் மனைவி பால் காய்ச்சிக்கொண்டே கேட்டார். முடிவில், "எல்லாஞ் சரிங்க. அத்தை முப்பது வருசமா முழு ராத்திரி தூங்குனதே இல்லீங்க. அதையும் எழுதுங்க" என்றார்.

கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது. உண்மையில் நாங்கள் இழந்ததாக எண்ணி ஏங்கியது என்ன? அம்மாவின் அறிவையா, அல்லது அவர் விழித்திருந்ததால் எங்களுக்கு வாய்த்த உறக்கத்தையா? அவர் மூன்று மணிக்கு எழுந்தபோது நாங்கள் ஒருவரும் உடன் எழுந்ததில்லை. எழுந்திருந்தால் சுவரை வெள்ளையடிக்கும்போது கை நின்றிருக்கும். மரபறிவு என்று மேடையில் பெயர் சூட்டுவது எளிது. அந்த அறிவைத் தாங்கிய உடம்புக்கு அது பெரும்பாலும் கண்ணெரிச்சலாகவும் மூட்டுவலியாகவுமே இருந்தது.

ஊசியைப் பற்றிய எங்கள் தொடக்க வெறுப்பும் இன்று இல்லை; அதனை அற்புதம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. மூன்றுக்குப் போட்டதில் ஒன்றுதான் நின்றது. கூழைவாலியைக் காத்தது மருந்தன்று, மருந்தை எடுக்கும்முன் மருத்துவர் வைத்துப் பார்த்த கை. கிடாரிக்கு வேண்டியிருந்தது தீனி. முறுக்கி சினையானது இரவில் ஒருவர் எழுந்து பார்த்ததால். ஆனால் எந்த இரவில் எழ வேண்டும் என்பதைச் சொன்னது ஊசிதான். பார்க்கும் வேலையை அது நீக்கவில்லை. எங்கே, எப்போது பார்ப்பது என்று குறுக்கித் தந்தது. எருமைப்பத்தை இப்போது கற்பிக்கும்போது, தெரிவது வேறு, பார்ப்பது வேறு என்ற வேறுபாட்டை ஆசிரியர் மாணவர்க்குச் சொல்கிறார். அதை இருமுறை, அம்மாவிடமும் மருத்துவரிடமும் கற்றதாகவும் சொல்கிறார்.

தம்பியின் மனைவியிடம் இப்போது ஒரு பள்ளி நோட்டுப்புத்தகம் இருக்கிறது. ஒவ்வோர் எருமைக்கும் ஒரு பக்கம். ஊசி போட்ட நாள், பத்தொன்பதாம் நாள், இருபத்துமூன்றாம் நாள். அந்த ஐந்து இரவுகளுக்கு மட்டும் கைபேசியில் மணி ஒலிக்கும். சில இரவுகளில் தம்பியும் எழுகிறார். மற்ற இரவுகளில் வீடு முழுவதும் உறங்குகிறது. தம்பியின் மனைவியும் உறங்குகிறார்.